ரத்த அழுத்த மருந்து மூளைப் புற்றுநோயைத் தடுக்குமா? 70 ஆண்டுப் பழைய மாத்திரையின் புதிய கதை

"பிபி மாத்திரை மூளைக் கட்டியை நிறுத்துகிறது!"

இப்படி ஒரு வரி உங்கள் கைப்பேசித் திரையில் வந்தால் என்ன செய்வீர்கள்? உடனே குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிடுவீர்களா? கொஞ்சம் பொறுங்க.

அந்த வரிக்குப் பின்னால் உண்மையான ஆய்வு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025ஆம் ஆண்டு அதை 'சயின்ஸ் அட்வான்சஸ்' அறிவியல் சஞ்சிகையில் வெளியிட்டனர். மருந்தின் பெயர் ஹைட்ரலசின். ரத்தக் குழாய்களை விரிக்கும் மருந்து அது.

ஆய்வு சொன்னது என்ன? சொல்லாதது என்ன? சிங்கப்பூரில் பெரியவர்கள் மூவரில் ஒருவருக்கும் மேல் உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் யாராவது மாத்திரை போட்டுக்கொண்டு இருக்கலாம். அதனால் இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்திருப்பது நல்லது.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், எந்த மூளைக் கட்டி?

மூளைக் கட்டி என்றாலே புற்றுநோய் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மெதுவாக வளரும், வேறெங்கும் பரவாத கட்டிகளும் உண்டு. மூளையின் மேலுறையில் வரும் மெனின்ஜியோமா வகையில் பெரும்பாலானவை அப்படித்தான்.

இந்த ஆய்வு பேசுவது கிளியோபிளாஸ்டோமா என்ற வகையைப் பற்றி. பெரியவர்களுக்கு மூளையிலேயே தோன்றும் புற்றுநோய்களில் மிகக் கடுமையானது இது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் இது 4ஆம் நிலை. அதற்கு மேல் நிலை கிடையாது.

இது அரிய நோய். அமெரிக்காவில் ஆண்டுக்கு 100,000 பேரில் சுமார் 3 பேருக்கு வருகிறது. ஆனால் வந்துவிட்டால் சமாளிப்பது கடினம். அமெரிக்க செனட்டர் ஜான் மெக்கெய்ன் 2018இல் இந்த நோயால் காலமானார். முன்னாள் அதிபர் ஜோ பைடனின் மகன் பியூ பைடன் 2015இல் மூளைப் புற்றுநோயால் மறைந்தார். பணமும் செல்வாக்கும் சிறந்த மருத்துவர்களும் இருந்தாலும் இந்த நோயின் முன் அவற்றுக்கு ஓர் எல்லை இருக்கிறது.

இன்று தரப்படும் சிகிச்சையின் அடிப்படை 2005இல் முடிவானது. அறுவை சிகிச்சையில் முடிந்தவரை கட்டியை எடுப்பார்கள். பிறகு கதிர்வீச்சு. அதோடு டெமோசோலோமைட் என்ற மாத்திரை.

அந்த மாத்திரையைச் சேர்த்ததால் கிடைத்த பலன் எவ்வளவு தெரியுமா? கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் பாதிப்பேர் வாழ்ந்த காலம் 12.1 மாதம். மாத்திரையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அது 14.6 மாதமானது. கூடுதலாகக் கிடைத்தது இரண்டரை மாதம்.

கேட்க ரொம்பக் குறைவாகத் தெரியும். ஆனால் 2 ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தவர்களின் விகிதம் 10.4 விழுக்காட்டிலிருந்து 26.5 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. பத்தில் ஒருவர் என்றிருந்தது நான்கில் ஒருவர் ஆனது. ஒரு குடும்பத்துக்கு அது பெரிய விஷயம்.

அதற்குப் பிறகு 20 ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்றும் அடிப்படை அதேதான். பழைய மாத்திரை ஒன்றில் புதிய நம்பிக்கை தெரிகிறது என்றதும் உலகம் திரும்பிப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

ஏன் இவ்வளவு கடினம்?

மூன்று காரணங்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, இடம். குடலில் புற்றுநோய் வந்தால் கட்டியோடு சேர்த்துச் சுற்றியுள்ள நல்ல பகுதியையும் கொஞ்சம் வெட்டி எடுத்துவிடலாம். மூளையில் அப்படிச் செய்ய முடியாது. ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக எடுத்தால் பேச்சு போய்விடலாம், கை வேலை செய்யாமல் போகலாம். கிளியோபிளாஸ்டோமா செல்களோ வேர்விடுவதுபோல் நல்ல திசுவுக்குள் புகுந்திருக்கும். ஸ்கேனில் தெரியும் கட்டியை முழுக்க எடுத்தாலும் கண்ணுக்குத் தெரியாத செல்கள் மிச்சமிருக்கும்.

இரண்டாவது, தடுப்பு. மூளையின் நுண் ரத்தக் குழாய்கள் உடலின் மற்ற ரத்தக் குழாய்களைப் போன்றவை அல்ல. அவற்றின் உட்சுவர்ச் செல்கள் இடைவெளி இல்லாமல் நெருக்கமாக ஒட்டியிருக்கும். ரத்தத்தில் வரும் நச்சுப்பொருள் மூளைக்குள் போகாமல் அது காக்கிறது. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியை நினைத்துக்கொள்ளுங்கள். கடப்பிதழ் இல்லாத யாரையும் உள்ளே விடமாட்டார்கள். பிரச்சினை என்னவென்றால், பல மருந்துகளும் அங்கேயே திருப்பி அனுப்பப்படுகின்றன.

மூன்றாவது, கலவை. ஒரே கட்டிக்குள் பல விதமான செல்கள் இருக்கும். ஒரு மருந்து ஒரு வகையை அழிக்கும். தப்பித்த இன்னொரு வகை மீண்டும் வளரும்.

இன்னொரு தன்மையும் உண்டு. கட்டி வேகமாக வளர்வதால் அதன் நடுப்பகுதிக்கு ரத்தம் போதுமான அளவு போய்ச் சேர்வதில்லை. அங்கே உயிர்வாயு குறைவு. சாதாரண செல்கள் அந்தச் சூழலில் தவித்துப்போகும். புற்றுநோய்ச் செல்கள் அதிலும் பிழைக்கக் கற்றுக்கொள்கின்றன. அவை எப்படிப் பிழைக்கின்றன என்ற கேள்வியில்தான் ஹைட்ரலசின் கதைக்குள் வருகிறது.

மலேரியாவைத் தேடிப் போய்க் கிடைத்த மருந்து

ஹைட்ரலசின் புதிய மருந்து இல்லை. 1940களின் பிற்பகுதியில் சுவிட்சர்லந்தின் சீபா நிறுவன வேதியியலாளர்கள் மலேரியாவுக்கு மருந்து தேடினார்கள். அந்தத் தேடலில் கிடைத்த ஒரு பொருள் மலேரியாவுக்கு உதவவில்லை. ஆனால் ரத்த அழுத்தத்தைக் குறைத்தது. 1953இல் அமெரிக்காவில் அது பயன்பாட்டுக்கு வந்தது.

அந்தக் காலத்தில் மருந்து கண்டுபிடிக்கும் முறையே வேறு. முதலில் மருந்தைக் கொடுத்துப் பார்ப்பார்கள். பலன் தெரிந்தால் வைத்துக்கொள்வார்கள். உடலுக்குள் அது எதைத் தொடுகிறது என்று தேடுவது பிறகுதான். ஹைட்ரலசினின் விஷயத்தில் அந்த 'பிறகு' 70 ஆண்டுக்கு மேல் நீண்டுவிட்டது. ரத்தக் குழாய் விரிகிறது என்று தெரியும். ஏன் விரிகிறது என்பதற்குத் தெளிவான விடை இல்லை.

அது தெரியாமலேயே அந்த மருந்து பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. முக்கியமாகக் கர்ப்பிணிப் பெண்களை.

கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் திடீரென்று ஆபத்தான அளவுக்கு ஏறும் நிலை உண்டு. அதற்குப் பெயர் பிரீஎக்லாம்ப்சியா. உலகெங்கும் நூறு கர்ப்பங்களில் சுமார் 2 முதல் 8 வரை இது வருகிறது. கவனிக்காவிட்டால் வலிப்பு வரலாம். தாயும் சேயும் இறக்கும் அபாயம் உண்டு. அந்த அவசர நேரத்தில் மருத்துவமனைகள் கையில் எடுக்கும் மருந்துகளில் ஒன்று ஹைட்ரலசின் ஊசி.

இவ்வளவு முக்கியமான மருந்து எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் இருப்பது நல்லதல்ல. தெரிந்தால் அதைவிடப் பாதுகாப்பான, துல்லியமான மருந்தை உருவாக்கலாம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வேதியியலாளர் மேகன் மேத்யூஸ் தலைமையிலான குழு தொடங்கியது இந்தக் கேள்வியிலிருந்துதான். ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் கியோசுகே ஷிஷிகுரா ஒரு மருத்துவரும்கூட.

பூட்டு எங்கே இருந்தது?

சாவி 70 ஆண்டாகக் கையில் இருந்தது. எந்தப் பூட்டைத் திறக்கிறது என்பதுதான் தெரியவில்லை. ஆய்வாளர்கள் கண்டுபிடித்த பூட்டின் பெயர் ஏடிஓ. அது ஒரு நொதி, அதாவது உடலுக்குள் வேதியியல் வேலைகளை நடத்திக்கொடுக்கும் ஒரு புரதம்.

ஏடிஓவின் வேலை சுவாரசியமானது. உடலில் உயிர்வாயு போதுமா போதாதா என்று உணரும் 'எச்சரிக்கை மணி' அது. அதற்கு அந்தத் திறன் இருப்பதை 2019இல் பிரிட்டனின் ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினர். அந்தக் குழுவில் இருந்தவர் சர் பீட்டர் ராட்கிளிஃப். செல்கள் உயிர்வாயுவை உணரும் விதத்தைக் கண்டறிந்ததற்காக அதே ஆண்டு மருத்துவ நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவர் அவர்.

சரி, அந்த மணி எப்படி அடிக்கிறது? படிப்படியாகப் பாருங்கள்.

ரத்தக் குழாயின் சுவரில் தசை இருக்கிறது. அது இறுகினால் குழாய் சுருங்கும், அழுத்தம் ஏறும். தளர்ந்தால் குழாய் விரியும், அழுத்தம் இறங்கும்.

அந்தத் தசையை இறுகச் சொல்லும் சமிக்ஞைக்கு ஒரு பிரேக் உண்டு. ஆர்ஜிஎஸ் என்ற குடும்பத்தைச் சேர்ந்த புரதங்கள்தான் அந்த பிரேக்.

ஏடிஓ என்ன செய்கிறது? உயிர்வாயுவைப் பயன்படுத்தி அந்த பிரேக் புரதங்களின் மேல் 'இதை அழித்துவிடு' என்று அடையாளம் போடுகிறது. செல் அவற்றை அழித்துவிடும். பிரேக் போய்விட்டால் தசை இறுகும்.

ஹைட்ரலசின் என்ன செய்கிறது? ஏடிஓவின் நடுவில் ஓர் இரும்பு அணு இருக்கிறது. அது இல்லாமல் ஏடிஓ இயங்காது. ஹைட்ரலசின் நேராக அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது. பக்கத்தில் உள்ள பகுதியோடும் பிணைந்துவிடுகிறது. ஏடிஓ முடங்கிவிடும்.

ஏடிஓ முடங்கினால் பிரேக் புரதங்கள் அழியாமல் இருக்கும். தசைச் செல்லுக்குள் கால்சியத்தின் அளவு குறையும். கால்சியம் குறைந்தால் தசை தளரும். குழாய் விரியும். ரத்த அழுத்தம் இறங்கும்.

அவ்வளவுதான். 70 ஆண்டுப் புதிருக்கு ஆய்வாளர்கள் முன்வைக்கும் விடை இது.

இதில் மூளைக் கட்டி எங்கே வந்தது?

ரத்தக் குழாயில் மட்டும் ஏடிஓ இருந்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

மூளைப் புற்றுநோயை ஆராய்ந்த வேறு சிலர் ஏற்கெனவே ஒன்றைக் கவனித்திருந்தார்கள். ஏடிஓ வேலை செய்யும்போது ஹைப்போடாரின் என்ற பொருள் உருவாகும். கடுமையான கிளியோபிளாஸ்டோமா கட்டிகளில் ஏடிஓவும் ஹைப்போடாரினும் அதிகமாகக் காணப்பட்டன. உயிர்வாயு குறைந்த இடத்தில் பிழைக்க அந்தக் கட்டி ஏடிஓவின் உதவியை நாடுகிறதோ என்ற சந்தேகம் எழுந்தது.

சந்தேகத்தைச் சோதிக்க ஏடிஓவைத் தடுக்கும் நல்ல மருந்து வேண்டுமே? அது கைவசம் இல்லை. இப்போது ஹைட்ரலசின்தான் அந்த மருந்து என்று தெரிந்ததும் ஆய்வாளர்கள் அதைக் கிளியோபிளாஸ்டோமா செல்கள் மேல் போட்டுப் பார்த்தனர்.

செல்கள் பெருகுவதை நிறுத்தின.

இங்கே ஒரு சொல்லைக் கவனியுங்கள். செல்கள் 'நின்றன'. 'செத்தன' என்று ஆய்வு சொல்லவில்லை. செல்கள் ஒருவித முதுமை நிலைக்குப் போயின. உயிரோடு இருக்கும், ஆனால் பிரிந்து பெருகாது. கட்டியை அழிப்பதும் உறங்கவைப்பதும் ஒன்றல்ல.

உறங்கும் செல்லால் பிரச்சினையே இல்லையா? இருக்கலாம். முதுமை நிலைக்குப் போன செல்கள் சில நேரங்களில் அழற்சியைத் தூண்டும் பொருள்களை வெளியிடும் என்பது வேறு புற்றுநோய் ஆய்வுகளில் தெரிந்த விஷயம். சில உறக்கத்திலிருந்து எழுந்துவிடவும் கூடும். ஆகவே இது நல்ல தொடக்கம், முடிவு அல்ல.

அப்போ பாட்டியின் மாத்திரை?

இப்போது நீங்கள் கேட்க நினைக்கும் கேள்விக்கு வருவோம். "வீட்டில் பிபி மாத்திரை இருக்கே, அது மூளைப் புற்றுநோய் வராமல் காக்குமா?"

இல்லை. அப்படிச் சொல்ல எந்த ஆதாரமும் கிடையாது. நான்கு காரணங்கள்.

ஒன்று, உங்கள் வீட்டில் இருப்பது பெரும்பாலும் ஹைட்ரலசினாக இருக்காது. பலதுறை மருந்தகத்தில் உயர் ரத்த அழுத்தத்துக்கு முதலில் எழுதித் தரும் மருந்துகள் அம்லோடிபின், லோசார்டன் போன்றவை. அவை வேறு பூட்டுகளைத் திறக்கும் வேறு சாவிகள். இந்த ஆய்வு அவற்றைப் பற்றியதே அல்ல.

இரண்டு, ஆய்வு நடந்தது ஆய்வுக்கூடத்துச் செல்களில். கிளியோபிளாஸ்டோமா நோயாளிகளுக்கு இந்த மருந்தைக் கொடுத்துச் சோதித்த ஆய்வு அல்ல இது. கிண்ணத்தில் உள்ள செல்லுக்கு ரத்தக் குழாய் இல்லை, மூளைத் தடுப்பு இல்லை, கல்லீரலும் இல்லை. மனித உடலில் இவை எல்லாமே மருந்தின் வழியில் நிற்கும்.

மூன்று, அளவு. கிண்ணத்தில் விரும்பிய அளவு மருந்தை ஊற்றலாம். மனிதருக்கு அப்படிக் கொடுக்க முடியாது. ஹைட்ரலசின் அளவு கூடினால் ரத்த அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கும், மயக்கம் வரும். வழக்கமான அளவிலேயே தலைவலி, படபடப்பு வரலாம். நீண்டகாலம் அதிக அளவில் எடுத்தால் மூட்டுவலி, காய்ச்சலோடு லூபஸ் போன்ற நோய் வரக்கூடும். அதோடு, இந்த மருந்தை உடல் உடைக்கும் வேகம் மரபணுவைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்குச் சரியான அளவு இன்னொருவருக்கு அதிகமாகிவிடலாம்.

நான்கு, சோதனைச்சாவடி. கட்டியை அடைய மருந்து மூளைத் தடுப்பைப் போதிய அளவில் தாண்ட வேண்டும். அந்தத் தடுப்பை நன்றாகத் தாண்டக்கூடிய, ஏடிஓவை மட்டும் குறிபார்க்கும் புதிய மருந்துகளை உருவாக்குவதுதான் அடுத்த இலக்கு என்று ஆய்வாளர்களே சொல்கிறார்கள். எனவே ஒருநாள் நோயாளிக்குக் கிடைக்கப்போவது ஹைட்ரலசினாக இல்லாமல், அதன் வழிகாட்டுதலில் பிறந்த வேறொரு மருந்தாக இருக்கலாம்.

ரத்தக் குழாய் வழியாகக் கட்டியைத் தாக்கும் பழைய கனவு

ரத்தக் குழாயையும் மூளைக் கட்டியையும் சேர்த்து யோசிப்பது இது முதல் முறை அல்ல. முன்பு நடந்ததைத் தெரிந்துகொண்டால் புதிய செய்தியை எடைபோடுவது எளிது.

1971இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் ஒரு கருத்தை முன்வைத்தார். கட்டி வளர ரத்தம் வேண்டும். அதற்காக அது புதிய ரத்தக் குழாய்களை வரவழைக்கிறது. அந்தக் குழாய்கள் உருவாவதைத் தடுத்தால் கட்டி பட்டினி கிடக்கும் என்றார். அப்போது பலர் அதை நம்பவில்லை.

பிறகு, குழாய்களை வளரச் சொல்லும் முக்கியமான சமிக்ஞைப் புரதம் அடையாளம் காணப்பட்டது. அதைத் தடுக்கும் மருந்து பெவசிசுமாப். கிளியோபிளாஸ்டோமா கட்டி புதிய ரத்தக் குழாய்களை அதிகம் உருவாக்கும் ஒன்று. ஆகவே எதிர்பார்ப்பு உச்சத்தில் இருந்தது.

2009இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், திரும்பி வந்த கிளியோபிளாஸ்டோமாவுக்கு அதை விரைவு முறையில் அனுமதித்தது. சிகிச்சைக்குப் பிறகு எடுத்த ஸ்கேன்களில் பல கட்டிகள் சுருங்கித் தெரிந்தன. ஐரோப்பிய மருந்து அமைப்போ கிடைத்த ஆதாரம் போதாது என்று சொல்லி அனுமதி தரவில்லை.

யார் சொன்னது சரி? 2014இல் இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றாக வந்தன. புதிதாக நோய் கண்டறியப்பட்டவர்களுக்கு வழக்கமான சிகிச்சையோடு பெவசிசுமாப் கொடுத்துப் பார்த்தார்கள். ஓர் ஆய்வில் நோய் மோசமாகாமல் இருந்த காலம் 6.2 மாதத்திலிருந்து 10.6 மாதமாகக் கூடியது. சந்தோஷமான செய்திதானே?

ஆனால் வாழ்நாள் கூடவில்லை. மருந்து பெற்றவர்களுக்கு 16.8 மாதம். பெறாதவர்களுக்கு 16.7 மாதம். மற்ற ஆய்விலும் வாழ்நாள் நீளவில்லை.

ஸ்கேனில் கட்டி சுருங்கித் தெரிந்ததே, அது பொய்யா? முழுக்கப் பொய் இல்லை. ஸ்கேன் எடுக்கும்போது ரத்தத்தில் செலுத்தும் சாயம் கட்டியின் ஓட்டைக் குழாய்கள் வழியாகக் கசிவதால்தான் கட்டி வெள்ளையாகத் தெரிகிறது. பெவசிசுமாப் அந்த ஓட்டைகளை அடைத்துவிடும். கசிவு நிற்கும், வீக்கம் குறையும், படம் அழகாகத் தெரியும். ஆனால் புற்றுநோய்ச் செல்கள் அதே அளவுக்குக் குறைந்தன என்று அதற்குப் பொருள் இல்லை.

வீக்கம் குறைவது நோயாளிக்கு நிம்மதி தரும். ஸ்டீராய்டு மருந்தின் தேவையும் குறையலாம். அதனால் மருத்துவர்கள் சிலருக்கு இன்றும் அதைக் கொடுக்கிறார்கள். ஆனால் 1971இல் தொடங்கிய கனவு, குறைந்தபட்சம் இந்த நோயில், எதிர்பார்த்தபடி பலிக்கவில்லை.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளிது. 'கட்டி சுருங்கியது' என்பதும் 'நோயாளி கூடுதல் நாள் வாழ்ந்தார்' என்பதும் இரண்டு வேறு செய்திகள். 'ஆய்வுக்கூடச் செல்கள் நின்றன' என்பது அவை இரண்டுக்கும் முந்திய படி.

பழைய மருந்து, புதிய வேலை: எப்போது பலிக்கும்?

பழைய மருந்துகளுக்குப் புதிய வேலை தேடுவது வீண்முயற்சி என்று நினைத்துவிடாதீர்கள். சில நேரம் அது அருமையாக அமையும்.

2008இல் பிரான்சின் போர்டோ நகர மருத்துவர்கள் ஒரு குழந்தைக்கு இதயப் பிரச்சினைக்காக புரோபிரனொலோல் கொடுத்த அனுபவத்தை வெளியிட்டனர். அதுவும் பழைய ரத்த அழுத்த மருந்துதான். குழந்தையின் முகத்தில் ரத்தக் குழாய்களால் ஆன ஒரு கட்டி இருந்தது. மருந்து தொடங்கியதும் அது சுருங்கத் தொடங்கியது. பிறகு முறையாகச் சோதித்தார்கள். 2014இல் அமெரிக்கா அந்தக் கட்டிக்கென்றே அதை அனுமதித்தது. இன்று அந்த வகைக் கட்டிக்கு முதலில் நாடும் மருந்து அதுதான்.

எதிர்மாறான கதையும் உண்டு. நீரிழிவுக்குத் தரும் மெட்ஃபோர்மின் புற்றுநோயைத் தடுக்கும் என்று ஆய்வுக்கூடத்தில் பல அறிகுறிகள் தெரிந்தன. மார்பகப் புற்றுநோய் நோயாளிகள் 3,649 பேரிடம் பல ஆண்டு சோதித்தார்கள். 2022இல் முடிவு வந்தது. நீரிழிவு இல்லாத அந்த நோயாளிகளிடம் நோய் திரும்பாமல் தடுக்க மருந்து உதவவில்லை.

இரண்டு மருந்துகளும் நல்ல நம்பிக்கையோடுதான் தொடங்கின. ஒன்று வென்றது, ஒன்று தோற்றது. மனிதர்களிடம் முறையாகச் சோதிக்கும்வரை எது எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பழைய மருந்துக்கு ஓர் அனுகூலம் உண்டு. அதன் பக்கவிளைவுகள் ஏற்கெனவே தெரியும். விலையும் பொதுவாகக் குறைவு. அதனால் சோதனையைச் சீக்கிரம் தொடங்கலாம். ஆனால் சோதனையைத் தாண்டிக் குதிக்க முடியாது.

அந்தச் சோதனை எப்படி நடக்கும்? முதல் கட்டத்தில் சிலரிடம் பாதுகாப்பும் அளவும் பார்ப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் பலன் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். மூன்றாம் கட்டத்தில் நூற்றுக்கணக்கானோரை இரண்டு குழுவாகப் பிரித்து, புதிய சிகிச்சையை வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிடுவார்கள். பெவசிசுமாப் பற்றிய உண்மை வெளியே வந்தது மூன்றாம் கட்டத்தில்தான்.

அடுத்த முறை இப்படி ஒரு தலைப்பைப் பார்த்தால்...

நான்கு கேள்விகளைக் கேளுங்கள். அறிவியல் பாடத்தில் 'ஏ' வாங்கியிருக்க வேண்டிய அவசியம் இல்லை.

- எதில் சோதித்தார்கள்? செல்லிலா, எலியிலா, மனிதரிலா?
- மனிதரில் என்றால் எத்தனை பேர்? ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இருந்ததா?
- எதை அளந்தார்கள்? ஸ்கேனில் தெரிந்த அளவையா, வாழ்நாளையா, நோயாளி அன்றாடம் எப்படி இருந்தார் என்பதையா?
- ஆய்வாளர்கள் 'அடுத்து என்ன' என்று சொல்கிறார்கள்? அவர்களே 'இன்னும் வேலை இருக்கிறது' என்றால், தலைப்பு மட்டும் ஏன் அவசரப்படுகிறது?

ஹைட்ரலசின் செய்திக்கு இவற்றைப் போட்டுப் பாருங்கள். செல்லில் சோதித்தார்கள். அளந்தது செல் பெருக்கத்தை. அடுத்து, இதைவிடத் துல்லியமான மருந்தை உருவாக்க வேண்டும். அதான் உண்மை நிலவரம்.

வீட்டில் இதைப் பற்றிப் பேச்சு வந்தால்

தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா யாராவது இந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு மாத்திரையை மாற்றலாமா, கூட்டலாமா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள். ரத்த அழுத்த மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும் கூட்டுவதும் ஆபத்து. பக்கவாதமும் மாரடைப்பும் மூளைப் புற்றுநோயைவிடப் பன்மடங்கு அதிகமாக வருபவை. அந்த மாத்திரை காப்பது அவற்றிலிருந்துதான். அதுவே பெரிய வேலை.

குடும்பத்தில் ஒருவருக்கு ஏற்கெனவே மூளைக் கட்டி இருந்தால் நிலைமை வேறு. இப்படிப்பட்ட தலைப்பு அவர்களுக்கு வெறும் செய்தி இல்லை. ஒரு நம்பிக்கை. 'இதெல்லாம் சும்மா' என்று ஒரே வார்த்தையில் தட்டிவிடாதீர்கள். செய்தியை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். "இது என் தந்தைக்குப் பொருந்துமா? அவர் சேரக்கூடிய மருத்துவச் சோதனை ஏதாவது நடக்கிறதா?" என்று கேளுங்கள். சிங்கப்பூரில் தேசிய நரம்பியல் கழகம், தேசியப் புற்றுநோய் நிலையம் போன்ற இடங்களில் மூளைக் கட்டிக்குச் சிகிச்சை தருகிறார்கள். அங்குள்ள மருத்துவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

இணையத்தில் மாத்திரை வாங்கி ரகசியமாகக் கொடுப்பது மட்டும் கூடவே கூடாது. மூளைக் கட்டி உள்ளவர்கள் ஏற்கெனவே வலிப்பு மருந்து, ஸ்டீராய்டு, கீமோதெரபி என்று பலவற்றை எடுப்பார்கள். ரத்த அழுத்தத்தை இறக்கும் இன்னொரு மருந்தை மருத்துவருக்குத் தெரியாமல் சேர்த்தால் அவர் மயங்கி விழலாம்.

அப்போ இந்த ஆய்வால் என்ன பயன் என்று கேட்கிறீர்களா? இரண்டு பயன்கள். பிரீஎக்லாம்ப்சியா வந்த தாய்மார்களுக்கு இதைவிட நல்ல மருந்தை எங்கே தேடுவது என்று இப்போது தெரியும். கிளியோபிளாஸ்டோமாவை எதிர்க்க இதுவரை அதிகம் முயலாத ஒரு புதிய வழியும் தெரிகிறது. 20 ஆண்டாகப் பெரிய மாற்றம் காணாத நோய்க்கு, தட்டிப் பார்க்க இன்னொரு கதவு கிடைத்திருக்கிறது.

கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆண்டுகள் ஆகும். அதுவரை தலைப்பை மட்டும் அனுப்பாமல், அதோடு ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள்: "நல்ல செய்திதான், ஆனால் இன்னும் மனிதரில் சோதிக்கவில்லை. மாத்திரையை மாற்றாதீங்க."